பயத்தங்கொடியும் எங்கள் தாமான் கேட்டும்

கரங்கானில் என் வீட்டுக்குப் பின்னால் போட்டிருந்த பயத்தங்கொடிகள் திடீரென்று வாடத் தொடங்கின. பக்கத்து வீட்டு அக்காவின் கண்தான் பட்டுவிட்டது என்று முடிவு கட்டி, பந்தலில் எலுமிச்சையும் மிளகாயும் கோர்த்துத் தொங்கவிட்டேன். வாளி வாளியாகத் தண்ணீரும் ஊற்றினேன். கொடிகள் இன்னும் வாடின.

அலோர் ஸ்டாரில் விவசாய இலாகாவில் வேலை செய்யும் என் தங்கை லீவில் வந்திருந்தாள். ஒரு தண்டை நெடுக்காகக் கீறி, உள்ளே ஓடிய பழுப்புக் கோட்டைக் காட்டினாள்.

"கண்ணெல்லாம் படலக்கா. மண்ணுல இருக்கிற பூஞ்சணம் வேர் வழியா ஏறுது. அது மேல வரக்கூடாதுன்னு கொடி தன்னோட தண்ணிக் குழாயத் தானே அடைச்சுக்கும். வேர்கிட்டயே சட்டுன்னு அடைச்சா பொழைச்சுக்கும். லேட்டா முழிச்சுக்கிட்டு எல்லாத்தையும் அடைச்சா, தண்ணி ஏறாம காஞ்சிடும் லா."

"அறிவு கெட்ட கொடி! திருடனுக்குப் பயந்து தன் வாயையே தச்சுக்குமா?" என்று கத்தினேன்.

அப்போதுதான் தெருமுனையில் கேஸ் சிலிண்டர் கொண்டுவரும் லோரி ஹார்ன் அடித்தது. எங்கள் தாமான் குடியிருப்பில் மோட்டார் சைக்கிள் திருடு போன பிறகு, கூட்டம் போட்டுத் தெருவுக்கு இருந்த ஒரே வழியில் இரும்புக் கேட் வைத்துப் பூட்டியிருந்தோம். சாவி தாமான் தலைவரிடம் இருந்தது. தலைவர் யான் ஊரில் ஒரு கல்யாணப் பந்தியில் இருந்தார். லோரி கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. கேஸ் தீர்ந்து அணைந்த என் அடுப்பில் சோறு பாதி வெந்த நிலையில் கிடந்தது.

தங்கை கேட்டைப் பார்த்தாள், கையிலிருந்த தண்டைப் பார்த்தாள்.

"கொடியத் திட்டாதக்கா. அதுவாச்சும் கூட்டம் போட்டு யோசிச்சுச் செய்யல."