லைட் அடித்த பல்

பல்லை அடைப்பவர்களை உங்களுக்குத் தெரியும். அடைத்த பல் என்ன கதிக்கு ஆளானது என்று வருடக்கணக்காக ஊரார் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கும் என்னைப் போன்றவர்களை யாருக்கும் தெரியாது. ஈப்போவில் பல் அடைக்கும் பொருள்களை ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. வேலை பார்த்த இடத்தில் அசடு வழிய நின்ற அனுபவம் உங்களுக்கும் இருந்தால், நாம் ஒரே கட்சி.

மெல்லும் மிஷின்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு மிஷின் ஓயாமல் மென்றுகொண்டே இருக்கும். பிடுங்கிய பற்களை அடைத்து அதில் மாட்டினோம். பாதிக்குக் கம்போசிட், அதாவது நீல விளக்கைக் காட்டினால் இறுகும் பசை. மீதிக்கு ஐயனோமர், பொடியையும் திரவத்தையும் குழைத்து வைத்தால் தானே இறுகிவிடும், விளக்கே வேண்டாம். இரண்டில் எது ஜெயிக்கிறதோ அதுதான் பழைய எஸ்டேட் பக்கம் போகும் எங்கள் பல் மருத்துவ வேனில் ஏறும். என் மனசு பொடியின் பக்கம். வேனின் ஜெனரேட்டர் நினைத்த நேரத்தில் படுத்துவிடும். வரிசையில் நிற்பவர்கள் வலியோடு வீட்டுக்குப் போவார்கள்.

மிஷின் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் காட்டவில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. டெக்னீஷியன் ராஜன் அண்ணன் மட்டும் அசரவில்லை. "மிஷினு எதக் குடுத்தாலும் வாய மூடிட்டு மெல்லும் டாக்டர். மனுஷன் வாயில வச்சாதான் கம்ப்ளேய்ன் வரும்லா."

தேத்தண்ணியில் ஊறியது

கறை பிடிக்கிறதா என்று பார்க்க இரண்டு பொருள்களிலும் சின்னச் சின்ன வில்லைகள் செய்து தேத்தண்ணியில் ஊறப்போட்டிருந்தோம். ஏர்கோன் பழுதுபார்க்க வந்தவர் ஏணியிலிருந்து இறங்கி, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, பக்கத்திலிருந்த கிளாஸை எடுத்து ஒரே மடக்கில் குடித்துவிட்டார். ஓடிப்போய் கிளாஸைப் பிடுங்கிப் பார்த்தேன். உடம்புக்குக் கெடுதல் இல்லாத பொருள்தான், இருந்தாலும் கிளாஸில் ஒரு வில்லைகூட மிச்சமில்லை. விஷயத்தைச் சொன்னதும் அவர் வயிற்றைத் தடவிக்கொண்டார். "பபிள் டீன்னு நெனச்சேன் டாக்டர். ஜவ்வரிசிதான் கொஞ்சம் கெட்டியா இருந்துச்சி."

கண்ணு மாதிரி

அடுத்தது மனிதர்கள். பீடோர் பக்கம், எஸ்டேட்டை விட்டு வந்தவர்கள் குடியிருக்கும் தாமான் என்ற குடியிருப்பின் பொது மண்டபத்தில் நாற்காலி போட்டோம். ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கப் பல்லில் கம்போசிட், மறுபக்கப் பல்லில் ஐயனோமர். எது எந்தப் பக்கம் என்று நோயாளிக்குச் சொல்லக் கூடாது. நாங்கள் யாருமே மூச்சு விடவில்லை.

கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் சரசு அக்காதான் முதல் ஆள். வலது பல்லுக்கு நீல விளக்கைக் காட்டியபோது, வரிசையில் இருந்த எல்லோரும் எட்டி எட்டிப் பார்த்தார்கள். "ரெண்டு பக்கமும் பத்திரமா பாத்துக்குங்கக்கா" என்று சொல்லி அனுப்பினேன். அவர் வலது கன்னத்தை மட்டும் தொட்டுப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "கவலையே படாதீங்க டாக்டர், கண்ணு மாதிரி பாத்துக்குவேன்."

முறுக்குத் தட்டு

இரண்டு வருடம் கழித்துப் பரிசோதனை. கம்போசிட் எல்லாம் நேற்று வைத்ததுபோல் பளபளத்தது. ஐயனோமர் தேய்ந்து, உடைந்து, சில வாய்களில் இருந்த இடமே தெரியவில்லை. பொடியை வேனிலிருந்து இறக்கிவிடலாம் என்று ரிப்போர்ட் எழுதச் சொல்லிவிட்டார் என் மேலதிகாரி. எனக்கு அழுகை வந்தது.

கிளம்பும் நேரத்தில் யாரோ முறுக்குத் தட்டை வரிசையாக நீட்டினார்கள். பார்த்துக்கொண்டே நின்றேன். சரசு அக்காவின் இடது கன்னம் மட்டும் உப்பியது. அடுத்தவருக்கு வலது கன்னம். அதற்கடுத்தவரும் தலையைச் சாய்த்து ஒரே பக்கமாகத்தான் மென்றார். வாயைத் திறக்கச் சொல்லி ஒவ்வொன்றாகப் பார்த்தால், எல்லோரும் விளக்குக் காட்டிய பல்லை விட்டுவிட்டு மறுபக்கத்தில் மென்றிருக்கிறார்கள். இரண்டு வருடமாக, தாமானே பேசி வைத்துக்கொண்டு. புது சோஃபாவின் பிளாஸ்டிக்கை உரிக்காமலே உட்காரும் வீடுகள் உங்களுக்கும் தெரியும். இவர்கள் வாயிலும் அதைத்தான் செய்திருக்கிறார்கள். ஏன் என்று கேட்டேன். சரசு அக்கா சொன்னார். "லைட்டு அடிச்சது நல்ல சாமான் டாக்டர். கடிச்சா சாயாங்லா, வீணாப் போயிரும். ஒங்க ஆராய்ச்சிய நாங்க கெடுப்போமா?"

இடது பக்கம்

ரிப்போர்ட்டை நிறுத்திவிட்டேன். மேலதிகாரி கத்தியது எனக்குப் பெரிதாகப் படவில்லை. சரசு அக்காவின் இடது பல்தான் என்னைத் தூங்கவிடவில்லை. இரண்டு பக்கத்துப் பாரத்தையும் ஒற்றையாகச் சுமந்து, அது வேர்வரை பிளந்திருந்தது. காப்பாற்ற வழியே இல்லை. அடைத்துக் காப்பாற்றுகிறேன் என்று போனவள், என் கையாலேயே அதைப் பிடுங்கினேன்.

பஞ்சைக் கடித்துக்கொண்டிருந்தவரிடம், இனி வலது பக்கம்தான் மெல்ல வேண்டும் என்று சொன்னேன். என்மேல் அவருக்குக் கோபமே இல்லை. பஞ்சை எடுத்துவிட்டு யோசனையோடு கேட்டார். "அந்தப் பல்லுலயா? அது இன்னும் புதுசா இருக்கே டாக்டர்."

மறுபடியும் முதலிலிருந்து

இந்த முறை ஊர் சிம்பாங் பூலாய். புது ஆட்கள், புது ஏற்பாடு: எந்தப் பொருளாக இருந்தாலும் இரண்டு பக்கத்துக்கும் நீல விளக்கைக் காட்டிவிடுவது. இனி எவரும் எதையும் கண்டுபிடிக்க முடியாது என்று நிம்மதியாக இருந்தேன். முதல் நோயாளி ஒரு லாரி டிரைவர். இரண்டு பக்கமும் முடிந்ததும் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். அவர் வாயைக் கொப்பளித்தார், இரண்டு கன்னங்களையும் மெதுவாகத் தொட்டுப் பார்த்தார், பிறகு கவலையோடு என்னைப் பார்த்தார். "ரெண்டு பக்கமும் லைட்டு அடிச்சிட்டீங்க. அப்ப இனிமே எனக்குக் கஞ்சிதானா டாக்டர்?"

பொடி நல்லதா பசை நல்லதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சொன்ன பேச்சைக் கேட்கும் நோயாளியைவிட ஆபத்தான ஆள் இந்தத் தொழிலில் இல்லை என்பது மட்டும் தெரிந்துவிட்டது.