பனியூரின் கடைசி வீடு

மகளின் கம்ப்யூட்டரில் முதன்முதலாக ஒளிர்ந்த அந்த மலை இன்னும் கண்ணில் நிற்கிறது. சின்னச் சின்னக் கட்டங்களால் வரைந்த தேயிலைச் சரிவு, அதன்மேல் நகரும் மூடுபனி, விரல்நகம் அளவே உள்ள ஒரு பெண். ‘பனியூர்’ என்று பெயர் வைத்திருந்தாள். பள்ளிக்கூட நாட்களில் ஆசையாக ஆடிய பழைய ஜப்பானிய விளையாட்டுகளின் பாணியில், ஒருத்தியாக உட்கார்ந்து அவள் உருவாக்கிய விளையாட்டு. நாயகி ஊர் ஊராக நடப்பாள், எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் பேசுவாள், துணை சேர்ப்பாள், முறை வைத்துச் சண்டையிடுவாள். தன் அம்மா இறந்த கொஞ்ச நாளில் கோயம்புத்தூர் வேலையை விட்டுவிட்டு வந்து, குன்னூர் வீட்டின் பின்னறையில் வருடக்கணக்கில் இதைச் செய்தாள்.

நான் எஸ்டேட் ஃபேக்டரியில் டீமேக்கராக இருந்தவன். ஒவ்வொரு சரக்கின் டீயையும் கரண்டியில் உறிஞ்சி, நாக்கில் உருட்டி, துப்பிவிட்டுத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். அந்தப் பழக்கம் ஃபேக்டரியோடு நிற்கவில்லை. புத்தகமோ, மகளுக்கு வந்த வரனோ, எனக்கு ஒரு வாய் போதும். “உங்களுக்குச் சோறாக்கறதே வீணுங்க. ஒரு கரண்டியும் துப்பறதுக்கு ஒரு வாளியும் வெச்சாப் போதும்” என்று மனைவி சிரிப்பாள்.

விளையாட்டை முடித்த அன்று மகள் என்னை உட்கார வைத்தாள். மெதுவாகப் போகச் சொன்னாள், ஊருக்குள் எல்லா வீட்டுக்கும் போகச் சொன்னாள். திரை தெரியாத தூரத்தில் கதவருகே நின்றுகொண்டாள். பனி, பாதை, ஒரு கிழவரோடு இரண்டு பேச்சு, பாலத்தருகே வௌவாலோடு ஒரு சண்டை. எழுந்துவிட்டேன்.

“பார்வைக்கு நல்லாருக்குது அம்மிணி. ஆனா சாயம் இறங்கல.” மட்டமான டீக்கு நான் சொல்லும் தீர்ப்பு அது.

எதுவரை போனேன் என்று மட்டும் கேட்டாள். பாலம் வரை என்றேன். தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். விளையாட்டை வெளியிட்டாள், வாங்கியவர்கள் கொஞ்சம் பேர். பிறகு பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அழைத்து மழையையும் மாத்திரையையும் விசாரிப்பாள். பனியூரைப் பற்றி இருவருமே வாய் திறந்ததில்லை.

இந்த மழைக்காலத்தில், வீட்டைவிட்டு இறங்க முடியாத ஒரு பிற்பகலில், அவள் விட்டுப்போன கம்ப்யூட்டரைப் போட்டேன். பனியூரைத் திறந்து பாலத்தைத் தாண்டினேன். தாண்டியதும் சில வீடுகள். கடைசி வீட்டின் அடுப்படியில் மஞ்சள் ஸ்வெட்டர் போட்ட ஒருத்தி நின்றாள். என் மனைவியின் ஸ்வெட்டர். முகம் என்று சில புள்ளிகள்தான். பக்கத்தில் போய் விசையைத் தட்டினேன். எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன.

“வந்துட்டியா கண்ணு? ஊடெல்லாம் குளுந்து கெடக்குது, அடுப்புக்கிட்ட உக்காரு.”

இன்னொருமுறை தட்டினேன்.

“அப்பாவையும் கூட்டிட்டு வா. ஒரு வாய் பாத்துட்டு எந்திரிச்சுப் போயிருவாரு. புடிச்சு உக்கார வை.”

மகள் எனக்குக் காட்ட நினைத்தது இதைத்தான். நான் இந்த வீட்டுக்கு வந்துசேரக் காத்துத்தான் கதவருகே நின்றிருக்கிறாள். நானோ பாலத்துக்கு இந்தப் பக்கமே துப்பிவிட்டு எழுந்துவிட்டேன்.

மகளை அழைத்தேன். ஞாயிறு இல்லை என்பதால் பதறிப்போய் எடுத்தாள்.

“அம்மா ஊட்ல இருக்கேன் அம்மிணி” என்றேன்.

மறுமுனையில் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

“வெளிய வாங்கப்பா. மலைக்கு மேல கதை இன்னும் நெறைய இருக்குது.”

“போலாம். இன்னுங் கொஞ்சம் உக்காந்துட்டுப் போறேன்.”