கஞ்சிக்கு மட்டும் இடமுண்டு

ஐம்பத்தேழாம் ஆண்டு ஃபுளூ காய்ச்சல் சிங்கப்பூரைப் பிடித்து ஆட்டியபோது, சிராங்கூன் சாலை ஜனங்களுக்கு பஸ் என்றாலே குலை நடுங்கியது. ஆபீஸ்காரர்கள் பழைய சைக்கிளைத் தூசி தட்டி எடுத்தார்கள். பலர் நடந்தார்கள். வேறு வழியில்லாமல் பஸ்ஸில் ஏறியவர்கள் மூக்கில் கைக்குட்டையும் நெற்றியில் தைலமுமாக ஜன்னலோரத்துக்கு அடித்துக்கொண்டார்கள். பக்கத்தில் யாராவது தும்மினால் போதும், கொலைகாரனைப் பார்ப்பதுபோல் முறைத்தார்கள்.

இத்தனை பேருக்கும் வாய்த்த இளிச்சவாய் சந்திரமதி. ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. அவளுடைய வெள்ளைச் சீருடையைக் கண்டதுமே கண்டக்டர் மருதப்பன் மணியை அடித்து, அவளை ஏற்றாமலே பஸ்ஸைக் கிளப்பிவிடுவான். அடுத்த தெருக்காரன்தான், நேற்றுவரை "அக்கா, அக்கா" என்று வாய் நிறையக் கூப்பிட்டவன்.

"ஆஸ்பத்திரி ஆளு வேணாம்லா! ஜனங்க சத்தம் போடுறாங்க."

வெயிலில் நடந்து நடந்து அவள் கால் கொப்பளித்தது. சைக்கிள் ரிக்‌ஷா மிதிக்கும் டிரைஷாக்காரனோ காய்ச்சலைச் சாக்கு வைத்து இரட்டை வாடகை கேட்டான். இன்னொரு நாள் லேட்டானால் வேலை இல்லை என்று வார்டு சிஸ்டர் கறாராகச் சொல்லிவிட்டார். புருஷன் போன பிறகு அந்த வேலைதான் அவளுக்குச் சோறு.

மறுநாள் பஸ் அதிசயமாக அவள் முன்னால் வந்து நின்றது. மருதப்பன் படியில் நின்றபடி ஒரு தூக்குச்சட்டியை நீட்டினான். அவன் அம்மா காய்ச்சலோடு அவளுடைய வார்டில்தான் கிடந்தார். சொந்தக்காரர்கள் யாரையும் உள்ளே விடுவதில்லை.

"அக்கா, கஞ்சி. அம்மாகிட்ட குடுத்துடுங்க."

சொல்லிவிட்டு மணிக்கயிற்றில் கை வைத்தான் பாருங்கள், சந்திரமதிக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது.

"ஏன்டா, உங்கம்மாவுக்குப் பீ மூத்திரம் அள்ள நான் வேணும், உன் பஸ்ல உக்கார மட்டும் நான் வேணாமா? கஞ்சி போகணும்னா நானும் பஸ்லதான் போவேன். இல்லன்னா நீயே குடி!"

கம்பியைப் பிடித்து ஏறி முன் சீட்டில் உட்கார்ந்தாள். சுற்றியிருந்தவர்கள் எழுந்து பின்னால் ஓடினார்கள்.

"போங்கய்யா, போங்க! நாளைக்குப் படுத்தா எங்கிட்டதான் வருவீங்க!"

மருதப்பன் மணிக்கயிற்றை இழுத்தான்; பஸ் கிளம்பியது.

நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். வேலை பிழைத்தது; கோபம் மட்டும் தீரவில்லை. முகம் கொடுக்காமல் அவன் அம்மாவுக்குக் கஞ்சியை ஊட்டினாள்.

"எம்புள்ள பஸ்லதான் வந்தியாம்மா?" என்று அந்த அம்மாள் மூச்சிரைக்கக் கேட்டார். "அவன் இருக்கும்போது உனக்கென்ன கவலை? பத்திரமா கூட்டிட்டு வருவான். தங்கமான பையன்."

சந்திரமதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நடந்ததை அப்படியே போட்டு உடைக்க வாயெடுத்தாள். அந்த அம்மாளோ அத்தனை காய்ச்சலிலும் மகனை நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஆமா, தங்கம்தான்" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. "பேசாமக் குடிங்கம்மா."