மஞ்சள் களி

அன்று பின்னேரம் கல்பிட்டி பஸ்ஸில் திரும்பி வரும்போது தலையிடி மண்டையைப் பிளந்தது. வெயில் என்று நினைத்தேன். வகுப்பு நடக்கிற கட்டடத்துக்குத் தகரக் கூரை. மார்ச் மாதத்தில் அதற்குள் அரைநாள் இருந்தால் யாருக்கும் தலையிடிக்கும்தான். வீட்டுக்கு வந்து தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தேன். என் மதினியிடமிருந்து வட்ஸ்அப்பில் குரல் பதிவு வந்தது. நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் மதினி என்றுதான் கூப்பிடுவோம்.

"மதினி, ஒங்கட வகுப்புக்கு வந்த புள்ளைகள் எல்லாம் தலையிடிக்குதெண்டு படுத்துக் கிடக்குதுகள். அப்பிடி என்னத்தத்தான் படிச்சுக் குடுத்தீங்க?"

அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். நானும் சிரித்தேன்.

நான் தில்லையடியில் பாலர் பாடசாலை டீச்சர். என் கணவரின் தங்கை, அந்த மதினி, மாம்புரிக்கும் அப்பால் ஒரு கரையோரக் கிராமத்தில் கலியாணம் முடித்துப் போனவள். ஒருமுறை அவள் வீட்டுக்குப் போயிருந்தபோது அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பழைய பேப்பரில் பூச் செய்து காட்டினேன். அடுத்த முறை போனால் வாசலில் ஒரு கூட்டம். அப்படித் தொடங்கியதுதான் சனிக்கிழமைக் கைவேலை வகுப்பு. மீனவர் சங்கத்தார் தங்கள் கட்டடத்தைத் திறந்துவிட்டார்கள். பேப்பர், அறுந்த வலைத் துண்டு, சிப்பி, தென்னம் பாளை என்று கையில் கிடைத்ததை வைத்து ஏதோ செய்தோம்.

களிமண்ணில் செய்யவேண்டும் என்று ஆசைப்பட்டவர்கள் பிள்ளைகள்தான். அந்தப் பக்கம் முழுக்க மணல். கிணறு தோண்டினாலும் மணல்தான் வரும். என் கணவர் முந்தல் பக்கம் இறால் பண்ணைக்குக் குளம் வெட்டுகிற இடத்திலிருந்து உரப்பையில் களி கட்டி மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து தந்தார். அது அத்தனை பிள்ளைகளுக்கும் காணாது. அதனால் சொன்னேன், வீட்டில் பிசைந்து உருவம் செய்யக்கூடிய எதுவானாலும் கொண்டுவாருங்கள் என்று. கோதுமை மா வந்தது. மெழுகு வந்தது. ஒருத்தி பாதி தேய்ந்த சவர்க்காரம் கொண்டுவந்தாள்.

ஐந்தாம் வகுப்புப் படிக்கிற ஒரு பிள்ளை ஐஸ்கிரீம் பெட்டி ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். அவள் வாப்பா கடலுக்குப் போகிறவர். வகுப்பில் அதிகம் கதைக்கமாட்டாள். ஆனால் யாராவது மீனுக்குச் செட்டை பிழையான இடத்தில் வைத்தால் போய்ப் பிடுங்கிச் சரியான இடத்தில் வைத்துவிட்டு வருவாள். பெட்டிக்குள் மஞ்சளாக, எண்ணெய்ப் பசையோடு, ரொட்டி மா போல ஒரு உருண்டை இருந்தது.

"என்ன மகள் இது?"

"போட்ல ஓட்டை அடைக்கிற களி டீச்சர். வாப்பாட."

"வாப்பாக்கிட்ட கேட்டியா?"

"நெறைய இரிக்கி டீச்சர்."

ஃபைபர் படகில் வெடிப்பு விழுந்தால் ஏதோ பூசி அடைப்பார்கள் என்று எனக்கும் தெரியும். நான் மேலே கேட்கவில்லை. அந்த மஞ்சள் களி குளத்துக் களியைப் போல வெடிக்கவில்லை, ஒட்டவும் இல்லை. நினைத்த உருவம் விரலுக்குள் வந்தது. பிள்ளைகள் அதற்குச் சண்டை பிடித்தார்கள். நானே பிய்த்துப் பிய்த்துப் பங்கு வைத்தேன். மஞ்சள் மீன்கள் வரிசையாக எழும்பின. ஒரு சின்னவன் கையை நக்கிப் பார்த்துவிட்டு, "இனிக்கிது டீச்சர்" என்றான். கண்டதையும் வாயில் வைக்கக் கூடாது என்று ஏசி, கை கழுவ அனுப்பினேன்.

அந்தப் பின்னேரம்தான் எனக்குத் தலையிடித்தது.

அடுத்த சனிக்கிழமை போய்ப் பார்த்தபோது ஜன்னலோரம் வைத்த களிமண் உருவங்கள் ஓரளவு காய்ந்திருந்தன. மஞ்சள் மீன்கள் மட்டும் அப்படியே மெத்தென்று கிடந்தன. மேலே வியர்வை மாதிரி ஒரு பளபளப்பு. சாயம் பூச வேண்டுமே. சந்தியில் இருக்கிற பேக்கரிக்காரரிடம் ஏற்கனவே கேட்டு வைத்திருந்தேன். பாண் சுட்டு எடுத்து முடிந்ததும் போறணை அடுப்பின் சூட்டில் கொஞ்ச நேரம் வைத்துக் காயவைத்துத் தருவதாகச் சொல்லியிருந்தார். இரண்டு தட்டில் அடுக்கி, ஆட்டோவில் ஏற்றிப் போய்க் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து, பிள்ளைகளோடு சாயம் கரைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது அந்தப் பிள்ளையின் உம்மா வந்தாள். காலில் செருப்பில்லை. முந்தானை தோளிலிருந்து நழுவிக் கிடந்ததைக்கூட அவள் கவனிக்கவில்லை. வாசலில் நின்று கையால் என்னைக் கூப்பிட்டாள்.

"டீச்சர், என்ட மகள் ஒரு மஞ்சள் சாமான் கொண்டந்தாளா? ஐஸ்கிரீம் பெட்டில?"

"ஓம், போன கிழமை. ஏன், வாப்பா ஏசினாரா?"

"எங்க அது?"

"மீன் செஞ்சிருக்கிறாங்க. நல்ல வடிவு. காயப்போடக் குடுத்திரிக்கிறன்."

அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். கை ஐஸ் மாதிரிக் குளிர்ந்திருந்தது.

"அது களி இல்ல டீச்சர். வெடி."

எனக்கு விளங்கவில்லை. பெருநாளைக்குக் கொளுத்துகிற வெடிதான் மனதில் வந்தது.

"என்ன வெடி?"

"மீனுக்குப் போடுற வெடி. டைனமைட்டு. அவர் விடியக் கடலுக்குப் போகத் தேடினார். காணல்ல. என்னோட கத்திப்போட்டுப் போயிட்டார். இவள் கிழமை முழுக்க மஞ்சள் மீன், மஞ்சள் மீன் எண்டு கதைச்சுக்கிட்டுத் திரிஞ்சாள். நான் காதுல போட்டுக்கல்ல. இப்பதான்..."

அவள் சொன்ன மற்றதெல்லாம் எனக்குக் கேட்கவில்லை. கடலில் வெடி போட்டு மீன் பிடிப்பது சட்டப்படி குற்றம் என்பதும், சிலர் ஒளித்துச் செய்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரிந்ததுதான். வகுப்பு நடக்கும்போது சில வேளை கடல் பக்கமிருந்து தட்டுமுட்டுச் சாமான் விழுந்தது போல ஒரு சத்தம் வரும். பிள்ளைகள் தலை நிமிர்த்தமாட்டார்கள். ஆனால் அந்தச் சாமான் எப்படி இருக்கும் என்று நான் ஒருநாளும் கண்டதில்லை. கறுப்பாக, இரும்பாக, பார்த்த உடனே பயப்படத்தக்க ஏதோ ஒன்று என்று நினைத்திருந்தேன். ரொட்டி மா மாதிரி இருக்கும் என்று யார் நினைப்பார்கள்? அதை நான் என் கையால் பிய்த்துப் பிள்ளைகளின் உள்ளங்கையில் வைத்தேன்.

"எல்லாரும் வீட்டுக்குப் போங்க. இப்பவே போங்க" என்று கத்தினேன். பிறகு ஓடினேன்.

பேக்கரிக்காரர் போறணைக்கு எதிரே சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார்.

"நானா! உள்ளுக்குப் போடாதீங்க!"

"ஒண்டு போட்டாச்சு டீச்சர். மத்தத் தட்டு அகலம், வாயால போகுதில்ல. அதான் சின்னத் தட்டு ஒண்டு தேடுறன்."

அகலமான தட்டு போறணை வாசலுக்குப் பக்கத்தில், கைநீட்டினால் தொடக்கூடிய தூரத்தில், ஒரு முக்காலி மேல் இருந்தது. மஞ்சள் மீன்கள் எல்லாம் அதில்தான் இருந்தன. நெருப்பின் சூடு என் முகத்தில் அடித்தது. "நானா, இது டைனமைட்" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். பகிடி விடுகிறேனா என்று பார்த்தார் போல. பிறகு உள்ளே மா பிசைந்துகொண்டிருந்தவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பின்பக்கத்தால் வெளியே போகச் சொன்னார்.

நான் தட்டைத் தூக்கினேன். அதைத் தூக்கத் துணிவு வந்தது என்று சொல்லமாட்டேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை, அவ்வளவுதான். ரோட்டைக் கடந்து, வெறும் மணலாகக் கிடந்த காணியின் நடுவில் கொண்டுபோய் வைத்தேன். வைத்துவிட்டு நிமிரும்போதுதான் அந்த ஆமை ஞாபகம் வந்தது. ஒரு பிள்ளை குளத்துக் களியில் ஆமை செய்து, அதற்கு மஞ்சள் களியில் கண் வைத்திருந்தாள். அந்த ஆமை முதல் தட்டில் இருந்தது.

திரும்பி ஓடிச் சொன்னேன். பேக்கரிக்காரர் பாண் இழுக்கிற நீளக் கோலை எடுத்து, உடம்பைச் சுவரோடு ஒதுக்கிக்கொண்டு, தட்டை மெல்ல மெல்ல இழுத்து வெளியே எடுத்தார். ஆமை முழுசாக இருந்தது. கண் இரண்டும் உருகி, கொப்புளித்து, ஓட்டின் மேல் வழிந்திருந்தது. அதைப் பார்த்துத்தான் நான் நிலத்தில் குந்தினேன்.

உம்மா எனக்குப் பின்னாலேயே ஓடி வந்திருந்தாள். "டீச்சர், கடல்ல எறிஞ்சிருவம். யாருக்கும் தெரியத் தேவையில்ல. அல்லாஹ்வுக்காகச் சொல்றன், அவரப் புடிச்சிட்டுப் போயிருவாங்க" என்றாள். அவள் அழவில்லை. அதனால்தான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. ஆனால் அந்தச் சாமான் எத்தனை பிள்ளைகளின் நகத்துக்குள் இருக்கிறது, எத்தனை வீட்டுக்குப் போயிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. நான் பொலிஸுக்குப் பேசினேன்.

ஆமிக்காரர்களும் வந்தார்கள். ரோட்டை மறித்தார்கள். மணல் நிரப்பிய பெட்டிக்குள் ஒவ்வொரு மீனாக எடுத்து வைத்தார்கள். பொறுப்பாக வந்தவர் சிங்களமும் தமிழும் கலந்து கதைத்தார். "மிஸ், இது சும்மா இருந்தா வெடிக்கிறது கஷ்டம். ஆனா போறணைக்குள்ள, மூடின சூட்டில..." என்று சொல்லி நிறுத்தினார். பிறகு, "ஒங்களுக்குத் தலையிடி வந்ததா?" என்று கேட்டார்.

"ஓம்."

"இதாலதான். தோலால உள்ளுக்குப் போகும்."

கையை நக்கிய சின்னவன் நினைவுக்கு வந்தான். அன்று பின்னேரமே வகுப்புப் பிள்ளைகள் எல்லோரையும் ஒரு வேனில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஒருவருக்கும் ஒன்றும் இல்லை என்றார்கள்.

வேன் வருவதற்கு முன், யாருடைய சாமான் என்று பொலிஸ் விசாரித்துக்கொண்டிருக்கும்போது அந்தப் பிள்ளையின் வாப்பா கடலிலிருந்து நேரே வந்தார். ஈரச் சாரம், கையில் செருப்பு. ஒருவரும் அவரைக் காட்டிக் கொடுக்கவில்லை. அவராகவே முன்னுக்கு வந்து, "என்ட சாமான். புள்ளைக்கி ஒண்டும் தெரியாது. டீச்சருக்கும் தெரியாது" என்றார். ஜீப்பில் ஏறும்போது மகளைத் தேடினார். அவள் கட்டடத்துச் சுவரோடு ஒட்டிக்கொண்டு, முகத்தைச் சுவருக்குத் திருப்பி நின்றாள்.

அடுத்த கிழமை ஊருக்குப் போனபோது சங்கத்தார் கட்டடக் கதவின் திறப்பைத் தர மறுத்தார்கள். என்னோடு கோபம். நான் எதிர்பார்த்தது வேறு. ஊர் முழுக்கச் சேர்ந்து அந்த மனிதரை ஏசும் என்று நினைத்திருந்தேன். மதினியின் பக்கத்து வீட்டுப் பெண் முகத்துக்கு நேரே கேட்டாள்.

"ஏன் டீச்சர் பொலிஸுக்குச் சொன்னீங்க? எங்கள்ட்டச் சொல்லியிருந்தா நாங்க கடல்ல போட்டு முடிச்சிருப்பமே. இப்ப அவன்ட வீட்ட அடுப்பெரியாம ஆக்கிப்போட்டீங்க."

"ராத்தா, ஒங்கட மகளும்தானே அதப் பெசஞ்சா?"

"ஓம். ஒண்டும் ஆகல்லயே."

அவளுடைய மகள் அவள் இடுப்பில் சாய்ந்துகொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

திரும்பிப் போவதற்கு முன் மதினியின் முற்றத்தில் பிள்ளைகளைக் கூட்டினேன். வந்தவர்கள் பாதிப் பேர்தான். களி மாதிரி, மெழுகுதிரி மாதிரி, வயர் மாதிரி எதைக் கண்டாலும் தொடக் கூடாது, பெரியவர்களிடம் சொல்லவேண்டும் என்று சொன்னேன். சொல்லிக்கொண்டு போகும்போது ஒரு கேள்வி கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"இப்பிடிச் சாமான் வேற எங்கயாவது கண்டிருக்கிறீங்களா?"

முதலில் ஒரு கை எழும்பியது. பிறகு இன்னொன்று. பிறகு முன் வரிசையில் முக்கால்வாசிக் கைகளும் எழும்பின. கணக்குக் கேள்விக்கு விடை தெரிந்த பிள்ளைகள் கை தூக்குவது போலவே, உற்சாகமாக.

"எங்கட வீட்ட கட்டிலுக்குக் கீழ டீச்சர்!"

"எங்கட அரிசி வாளிக்குப் பின்னால."

"மூத்தாப்பாட கோழிக் கூட்டுக்குள்ள."

மதினி தேத்தண்ணீர்க் கோப்பைகளோடு படியில் நின்றாள். அவள் முகம் வெளிறிப் போயிருந்தது. கலியாணம் முடித்து இத்தனை வருடமாக இந்த ஊரில் இருக்கிறாள். இந்த வீடுகளுக்குள் போய் வருகிறாள், அந்தக் கட்டில்களில் உட்கார்ந்து கதைக்கிறாள். அவளுக்கும் தெரிந்திருக்கவில்லை. அல்லது தெரிந்திருந்ததா? நான் இன்றுவரை கேட்கவில்லை. அன்று வீட்டுக்கு வரும்போது பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பெண் காய்ச்சலா என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு ஊர்ப் பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருந்தவர்களோடு பேக்கரிக்காரர் போய்க் கதைத்தார். தன் போறணை வாசலில் நடந்ததை அவர் ஜும்ஆத் தொழுகைக்கு வந்த ஆண்களிடம் தானே எழும்பிச் சொன்னாராம். சில வீடுகளில் இருந்து சாமான் போய்விட்டது என்று மதினி சொன்னாள். கடலுக்குப் போனதா, இன்னொரு ஊருக்குப் போனதா என்று தெரியாது. கடல் பக்கத்துச் சத்தம் குறைந்திருக்கிறது. நின்றுவிடவில்லை.

அந்த வாப்பா பிணையில் வந்தார். இப்போது மிளகாய்த் தோட்டம் ஒன்றில் கூலிக்குப் போகிறார். வழக்கு நடக்கிறது. ஒருநாள் பஸ் நிற்கிற இடத்தில் என்னைக் கண்டார். ஏசப்போகிறார் என்று நினைத்து ஒதுங்கினேன். பக்கத்தில் வந்து, ரோட்டைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"டீச்சர், மகள் செஞ்ச மீன் எப்பிடி இருந்திச்சு?"

வாலைத் தூக்கிக்கொண்டு திரும்புகிற பாரை மீன், செதிலுக்கு நகத்தால் அழுத்தியிருந்தாள் என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். பஸ் வந்தது, ஏறினேன்.

வகுப்பைத் திரும்பத் தொடங்கும்படி கேட்டு வந்தவள் அந்தப் பிள்ளையின் உம்மாதான். இப்போது அவள் வீட்டு முற்றத்தில், தென்னை நிழலில் நடக்கிறது. பேப்பரும் தென்னோலையும் மட்டும். வீட்டிலிருந்து ஒன்றும் கொண்டுவரக் கூடாது. மற்றப் பிள்ளைகள் ஒவ்வொருவராகத் திரும்பி வருகிறார்கள். அந்தப் பிள்ளை முன் வரிசையிலேயே இருக்கிறாள், ஆனால் எதையும் தொடுவதில்லை. கை இரண்டையும் தொடைக்குக் கீழே வைத்து, அதன்மேல் இருந்துகொண்டு மற்றவர்கள் செய்வதைப் பார்க்கிறாள். கத்தரிக்கோலை நீட்டினால் வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டுகிறாள். நான் வற்புறுத்துவதில்லை. அவள் உம்மா குசினி வாசலில் நின்று பார்ப்பாள். பிறகு உள்ளே போய்விடுவாள்.