அடைப்பு இல்லை என்றதும் அழுதேன்

தொண்ணூறுகளில் நாங்கள் துடியலூரில் குடியிருந்தோம். சிறுவாணித் தண்ணீர் வரும் நாளில், தெருக்குழாயிலிருந்து குடத்தைத் தூக்கி நடந்தால் எனக்கு நெஞ்சை இறுக்கிப் பிடிக்கும். பாதி வழியிலேயே உட்கார்ந்துவிடுவேன். "வாயுவாத்தான் இருக்கும் அம்மணி, சுக்குக் காப்பி வெச்சுக் குடி" என்பார் என் கணவர். எங்களோடு இருந்த நாத்தனார், வேலைக்குப் பயந்து நான் நடிப்பதாக நேராகவே சொன்னார்.

கடைசியில் கோவையில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆஞ்சியோகிராம் எடுத்தார்கள். "அடைப்பு எதுவும் இல்லீங்க" என்றார் டாக்டர். கணவர் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஓர் அடைப்பாவது இருக்கட்டும் என்று மனதுக்குள் வேண்டியிருக்கிறேன் என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

டாக்டர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு படத்தைக் கணவர் பக்கம் திருப்பினார்.

"இதயத்துக்குப் போற ரத்தக்குழாய் எப்படி முறுக்கி வளைஞ்சு போகுது பாருங்க. அவங்களுக்கு இருக்கற மாதிரி ரொம்ப நாளா பிரஷர் இருந்தா இப்படி ஆகலாமுங்க. பாரம் தூக்கையில சிலருக்கு ரத்தம் பத்தாம வலிக்கும். பயப்பட வேண்டாம், ஆனா பிரஷர் மாத்திரையை நிறுத்திப்போடாதீங்க. அவங்களுக்கு வர்றது நெச வலிதானுங்க."



அடுத்த முறை தண்ணீர் வந்தபோது, பெண்கள் வரிசையில் குடத்தோடு என் கணவர் நின்றார். "ஏனுங்க, நீங்க வந்திருக்கீங்க?" என்று ஒருத்தி கேட்டாள். "அவளுக்கு நெஞ்சு வலிக்குதுங்க" என்று உரக்கவே சொன்னார். எங்கள் வாசலில் நின்ற நாத்தனாருக்கும் அது கேட்டது.

வலி இன்றும் எப்போதாவது வருகிறது. வந்தால் உட்கார்ந்துகொள்கிறேன். ஏன் உட்கார்ந்தேன் என்று யாருக்கும் விளக்கம் சொல்வதில்லை.