சாப்பிடக் கூப்பிடும் குரல்

ரங்கூனின் போட்டாதாங் படகுத்துறையில் மூட்டை தூக்கும் சின்னத்தம்பியின் மகள் நீலாம்பாள், கான்டன் சீனத் தச்சன் ஆ கின் என்பவனைக் கட்டிக்கொண்டு அங்குள்ள சீனத் தெருவுக்கு வந்து ஒரு மழைக்காலம் கழிந்திருந்தது.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. இளையவர்கள் முறை சொல்லிச் சாப்பிட அழைத்த பிறகுதான் மூத்தவர் சாப்பிடும் குச்சியை எடுப்பார். அங்கே மூத்தவர் ஆ கினின் அண்ணன். "டாய் பாக், சிக் ஃபான்." மூத்தவரே, சாப்பிடுங்கள், அவ்வளவுதான்.

நீலாம்பாளுக்கு அதுவே மலையாக இருந்தது. அவள் பிறந்த வீட்டுப் பெண்கள் கணவனின் அண்ணனான மூத்தாரைக் கண்டால் கதவுக்குப் பின்னால் ஒதுங்குவார்கள். இங்கே முகத்தைப் பார்த்துக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டாலும் ஒலி வந்தால்தானே? 'ங'வில் தொடங்கும் சொற்கள் சுலபமாக வந்தன. சந்தையில் ஙப்பி என்னும் பர்மிய மீன் விழுதுக்கு விலை பேசிப் பழகிய நாக்கு. சொல்லின் கடைசியில் நிற்கும் 'க்'தான் அடங்கவில்லை. அவர்கள் அதைத் தொண்டை வாசலிலேயே அடைத்துவிடுவார்கள், மூச்சு வெளியே வராது. அவள் வாயோ ஓர் உகரத்தையும் இழுத்துக்கொண்டு வந்தது.

"டாய் பாக்கு, சிக்கு ஃபான்!"

மூத்தவரின் மனைவியான ஓரகத்தி வாயைப் பொத்திச் சிரிப்பாள். மூத்தவர் முகம் மட்டும் இழைத்த பலகைபோல் இருக்கும். தன்னை அவர் ஏற்கவில்லை, அந்த வீட்டில் தனக்கு இடமில்லை என்றே நீலாம்பாள் எண்ணினாள்.

"பாக்கு மட்டும் போதுமாடி? வெத்திலையும் சேத்துக் கேளேன்!" என்றாள் இதைக் கேட்ட பக்கத்துச் சந்து ஜெயம்மா.

"போங்கக்கா. இனிமே வாயே தொறக்க மாட்டேன்."

அன்று மாலை சோற்றை வைத்துவிட்டுத் தலை குனிந்து உட்கார்ந்தாள். ஆ கின் அழைத்தான், ஓரகத்தியின் பிள்ளைகளும் அழைத்தார்கள். மூத்தவர் குச்சியைத் தொடவில்லை. சோற்றின் ஆவி அடங்கியது.

"மீன் ஆறுது" என்றாள் ஓரகத்தி.

"ஆறட்டும். இன்னும் ஒருத்தி கூப்பிடல." நீலாம்பாளுக்குப் புரியட்டும் என்று பர்மிய மொழியில் சொன்னார்.

"நான் சொன்னா சிரிக்கிறாங்க."

"சிரிக்கிறவங்க சிரிக்கட்டும். எனக்குப் பசிக்குது, சீக்கிரம் கூப்பிடு."

அவள் நிமிர்ந்தாள். "டாய் பாக்கு... சிக்கு ஃபான்."

இந்த முறையும் ஓரகத்தி சிரித்தாள். மூத்தவர் மீனிலேயே ருசியான வயிற்றுப் பக்கத்துத் துண்டை எடுத்து நீலாம்பாளின் கிண்ணத்தில் வைத்துவிட்டு, சாப்பிடத் தொடங்கினார்.