இருளாயி கூட்டிய வீடு

இருளாயி பிறந்தது கீரனூருக்கு மேற்கே ஓர் ஒற்றை அறை வீட்டில். ஆட்களோடு அந்த அறைக்குள் ஒரு நெல்லுக் குதிர், ஏர்ச் சாமான்கள், வெங்காயக் குவியல். மழை பெய்தால் ஆடுகளும் உள்ளேதான். படுத்தால் காலை நீட்ட முடியாது. நீட்டினால் யார் முதுகிலாவது படும், உதையும் விழும். அப்படிச் சுருண்டு படுத்தே வளர்ந்தவள், ஆவுடையப்பனுக்குக் கழுத்தை நீட்டித் திருக்கோகர்ணத்துக்கு வந்த அன்று, முன்னறை வாசலிலேயே நின்றுவிட்டாள். மாமனார் கட்டிய ஓட்டு வீடு. மூலையில் ஒரு மரப்பெட்டி, குறுக்கே ஒரு கொடிக்கயிறு. வேறு எதுவும் இல்லை. சுண்ணாம்புத் தரை ஜன்னல் வெளிச்சத்தில் பளிச்சென்று கிடந்தது.

"என்ன புள்ள, வீட்டுல ஒண்ணுமே இல்லயேன்னு பாக்குறியா?" என்றான் ஆவுடையப்பன்.

"இல்லங்க. இப்படியே இருக்கட்டும்."

அப்படியே வைத்துக்கொண்டாள். கருக்கலில் எழுந்தால் முதல் வேலை கூட்டுவதுதான். வாசலில் தொடங்கி அடுப்படி வரைக்கும் கூட்டி, தரையை ஈரத்துணியால் துடைத்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்ற வைப்பாள். புதுச் சட்டி ஒன்று வாங்கினால் பழைய சட்டி அன்றைக்கே எதிர் வீட்டுச் சின்னப்பிள்ளையிடம் போய்விடும். ஓரம் கிழிந்த பாய், பிய்ந்த முறம், கழுத்து உடைந்த குடம் எதுவும் அவள் வீட்டில் ஒரு பொழுது தங்காது. "இவ வீட்டுல ஈ கூட உக்காரப் பயப்படும்டி" என்று சின்னப்பிள்ளை சொல்லிச் சிரிப்பாள். ஆவுடையப்பனுக்கும் இது ஒத்துப்போனது. அரண்மனை லாயத்தில் அவனுக்குச் சேணங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. எந்த வார் எந்த ஆணியில் தொங்க வேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவான். அவன் தம்பி ரத்தினவேலும் கல்யாணம் ஆகும் வரை அந்த வீட்டில்தான் இருந்தான். பிறகு கடலைக்காய் வியாபாரத்துக்குத் தோது என்று பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வாடகைக்குக் குடி போனான்.

நாற்பத்தெட்டில் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தது. லாயத்தில் முதலில் குதிரைகள் குறைந்தன. அப்புறம் ஆட்கள் குறைந்தார்கள். ஆவுடையப்பன் ஒருநாள் மத்தியானமே வீடு திரும்பினான். தோளில் ஒரு சேணம். நடுவில் வெடித்து, உள்ளே திணித்திருந்த நார் வெளியே தொங்கியது.

"தூக்கிக் குப்பையில போட்டுட்டாங்க புள்ள. தோலு இன்னும் நல்லாத்தான் இருக்கு."

"நாளைக்கிலேர்ந்து வேலைக்கிப் போகலயா?"

"வரவேணாம்னுட்டாங்க."

மகள் செவந்திக்கு அப்போது ஏழு வயது. சேணத்தின் மேல் ஏறி உட்கார்ந்து குதிரை ஓட்டினாள். வேலை போன மனுஷன், மனசுக்கு ஆறுதலாக ஒன்று இருந்துவிட்டுப் போகட்டும் என்று இருளாயி விட்டுவிட்டாள். அதை அவள் மூலையில் சாய்த்து வைத்து, சுற்றிலும் கூட்டினாள்.

அடுத்து, குதிரை ஏறக் கால் வைக்கிற அங்கவடி, ஜோடி இல்லாமல் ஒன்று மட்டும் வந்தது. பிறகு வண்டிச் சக்கரத்துப் பட்டை, கண்ணாடி போன லாந்தர், மண்ணெண்ணெய்த் தகரம், கால் இல்லாத நாற்காலி, கிழிந்த சாக்கு. கடைத்தெருவில் மூட்டை தூக்கக் கூப்பிட்டால் போவான். திரும்பி வரும்போது வழியில் கிடந்தது எதுவானாலும் அவனோடு வரும். "எதுக்குங்க இது?" என்றால், "ஆகும். ஒரு நா ஆகும்" என்பான். போகியன்று தெருவே பழசை வெளியில் போடும். ஆவுடையப்பன் ஒவ்வொரு வாசலாகப் போய் அதையெல்லாம் பொறுக்கி உள்ளே கொண்டுவந்தான். எதிர் வாசலில் சின்னப்பிள்ளை வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றாள். இருளாயி அவள் முகத்தைப் பார்க்காமல் கதவைச் சாத்தினாள்.

ஒருமுறை அவன் ஆனித் திருமஞ்சனத்துக்கு ஆவுடையார்கோயில் போயிருந்தான். இருளாயி அன்றைக்குக் காலையிலேயே பழைய இரும்பு எடுக்கிற சவரியப்பனை வண்டியோடு வரச் சொல்லிவிட்டாள். இரண்டு நடை போயிற்று. இரும்போடு சேராததை வேலிக்கு அங்கிட்டு வைத்துக் கொளுத்தினாள். அப்புறம் தண்ணீர் சுமந்து சுமந்து ஊற்றித் தரையைத் தேய்த்தாள். அன்று மத்தியானம் தாயும் மகளும் காலையும் கையையும் விரித்துப் படுத்துக்கொண்டார்கள். "ஆத்தா, நம்ம வீடு எம்புட்டுப் பெருசு" என்றாள் செவந்தி.

மறுநாள் ஆவுடையப்பன் வந்தான். கத்தவில்லை. வாசற்படியில் நின்று உள்ளே பார்த்தான்.

"என் சாமானெல்லாம் எங்க?"

"வித்துட்டேங்க. கால் வைக்க எடமில்லாம..."

அவன் அப்படியே தெருவில் உட்கார்ந்தான். உட்கார்ந்து, சாவு வீட்டுக்காரன் மாதிரி வாய்விட்டு அழுதான். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லோரும் நின்று பார்த்தார்கள். பிறகு எழுந்து சவரியப்பன் கொட்டகைக்குப் போய், இருந்ததையெல்லாம் தலையிலும் தோளிலுமாகப் பொழுது சாயும்வரை சுமந்து சேர்த்தான். சேணம் எரிந்துபோயிருந்தது. அந்தச் சாம்பலைக் காலால் கிளறிவிட்டு வந்து, இருளாயியின் தலையில் கையை வைத்தான்.

"இனிமே நீ ஒரு சாமானத் தொட்டா, என் பொணத்தத்தான் பாப்பே. கோகர்ணத்து ஆத்தா மேல சத்தியம்."

அவள் அதற்குப் பிறகு தொடவில்லை. சாமான் வளர்ந்தது. முன்னறை முடிந்து நடுவறைக்கு வந்து, கொடிக்கயிற்றை மறைத்து, ஓட்டுக்கு மேலேறப் பார்த்தது. வாசலிலிருந்து அடுப்படிக்கு ஒரு ஆள் ஒருக்களித்துப் போகிற அளவு வழி இருந்தது. அந்த வழியை அவள் தினமும் கூட்டினாள். எலி செத்தால் எங்கே செத்தது என்று தெரியாது. நாற்றம் தானாக அடங்க வேண்டும். ஆவுடையப்பன் மட்டும், எந்தக் குவியலுக்குள் எந்தத் தகரம் இருக்கிறது என்று கேட்டால் நேரே கையை விட்டு எடுப்பான்.

சோற்றுக்கு வழி வேண்டுமே. கீழ ராஜ வீதியில் ஒரு வக்கீல் வீட்டில் இருளாயி வேலைக்குச் சேர்ந்தாள். பெரிய வீடு; கூடமும் அறைகளுமாக எட்டு இடத்தில் கூட்டிப் பெருக்க வேண்டும். அந்த வேலை அவளுக்குப் பாரமாகவே இல்லை. "இருளாயி தொடச்ச தரையில சோத்தப் போட்டுப் பிசைஞ்சு திங்கலாம்" என்று வக்கீல் வீட்டம்மா வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லுவாள். வேலை முடிந்த பிறகும் இருளாயி ஏதாவது சாக்குச் சொல்லிக் கூடத்தில் கொஞ்சநேரம் நிற்பாள். பிறகு வீட்டுக்கு நடப்பாள்.

செவந்தி வயசுக்கு வந்து, கல்யாணத்துக்கு நின்றாள். குளத்தூர்ப் பக்கமிருந்து ஒரு நல்ல இடம், சொந்த நிலம் உள்ளவர்கள், பெண் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார்கள். இருளாயி புருஷன் காலில் விழாத குறை.

"முன்னறைய மட்டும் ஒதுக்குங்க. ஒரு நா மட்டுங்க. அப்பறம் நானே எல்லாத்தையும் திருப்பி அடுக்கித் தாரேன்."

"எங்கிட்டு ஒதுக்குறது? வெளிய வச்சா எவனாச்சும் தூக்கிட்டுப் போயிருவான்" என்றான் அவன்.

சின்னப்பிள்ளை வீட்டில் வைத்துப் பெண்ணைக் காட்டலாம் என்று முடிவு செய்தார்கள். ஆனால் வந்த மாப்பிள்ளையின் தாய் விவரமானவள். "பொண்ணு வீட்டயும் பாத்துட்டுப் போறோமே" என்று தெருவைக் கடந்து வந்தாள். வாசலில் நின்றாள். மூக்கைப் பொத்தவில்லை. உள்ளே ஒரு கால் வைத்து, அந்தக் காலைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். அவளோடு வந்த பெண் மட்டும் போகும்போது காதில் விழுகிற மாதிரி சொன்னாள்: "ஆத்தாகாரி இம்புட்டு அழுக்குப் பிடிச்சவன்னா, மக எப்புடி இருப்பா?"

அன்றைக்குச் செவந்தி சாப்பிடவில்லை. அவள் அப்பனிடம் சண்டைக்குப் போகவில்லை. தாயிடம்தான் திரும்பினாள்.

"ஊரான் வீட்டக் கூட்டிக் கூட்டிப் பேரு வாங்குற. ஒன் வீட்ட வச்சுக்கத் துப்பில்லயே ஒனக்கு."

இருளாயி, மகள் தொடாத சோற்றை எடுத்து மூடி வைத்தாள். ஊரும் அதைத்தானே சொல்லும்? வீட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் எவரும் ஆவுடையப்பன் பேரை எடுக்கவில்லை. குப்பை சேர்த்தது ஆம்பிளை. அழுக்குப் பிடிச்சவள் என்ற பேர் பொம்பிளைக்கு.

மேலும் இரண்டு இடம் வந்து, விசாரித்து, பாதி வழியிலேயே திரும்பிப் போயின. கடைசியில் அறந்தாங்கியில் முதல் தாரத்தை இழந்த நாகராசுக்குச் செவந்தியைக் கொடுத்தார்கள். மூத்தாள் பிள்ளைகள் மூன்று. தாலி கட்டுவது கோயிலில், சாப்பாடு சத்திரத்தில். பெண் வீட்டுக்கு ஒருவரும் வரவேண்டிய தேவை இல்லாமல் எல்லாம் முடிந்தது. செவந்தி அங்கிருந்தே அறந்தாங்கி பஸ்ஸில் ஏறினாள். தாய் வீட்டுக்கு மறுவீடு வரவில்லை. "வந்தா எங்க படுக்கிறது?" என்று கேட்டாள், கேட்டதில் தப்பும் இல்லை.

அறுபத்து மூன்று ஐப்பசியில் நல்ல மழை. ஓடு ஒழுகுகிறது என்று ஒரு தகரத்தைத் தேடி ஆவுடையப்பன் குவியல் மேல் ஏறினான். குவியல் சரிந்தது. சக்கரப் பட்டையின் துருப்பிடித்த விளிம்பு முழங்காலுக்குக் கீழே நீளமாகக் கிழித்துவிட்டது. மஞ்சளை அரைத்து வைத்துக் கட்டிக்கொண்டு, விழுந்ததையெல்லாம் அவனே திரும்ப அடுக்கினான். சில நாள் கழித்து வாயைத் திறக்க முடியவில்லை என்றான். ரண ஜன்னி. சின்னப்பிள்ளை புருஷன் மாட்டுவண்டி பூட்டினான். வண்டியில் ஏற்றும்போது, கிட்டிப்போன பல்லுக்கு நடுவிலிருந்து அவன் ஏதோ சொன்னான். இருளாயி குனிந்து காதைக் கொடுத்தாள்.

"வீட்டப் பூட்டுனியா?"

"பூட்டிட்டேங்க."

ஆஸ்பத்திரியில் உடம்பு வில்லாக வளைந்து, வளைந்து, அடங்கியது.

கருமாதிக்கு நாலு பேர் வந்தால் உட்கார இடம் வேண்டும். இருளாயி சவரியப்பனுக்குச் சொல்லியனுப்பினாள். இந்த முறை வண்டி ஐந்து நடை போயிற்று. சத்தியம் செய்தவன் செத்துவிட்டான்; இனி எந்தப் பொணத்தைப் பார்ப்பது என்று நினைத்துக்கொண்டே ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். அழுகை வரும் என்று பார்த்தாள், வரவில்லை. சுவரில் வெள்ளையடிக்க ஆள் பிடித்தாள். தரையில் துருக்கறை மட்டும் என்ன தேய்த்தும் போகவில்லை.

கருமாதியன்று கொழுந்தன் ரத்தினவேல் குடும்பத்தோடு வந்தான். அண்ணன் இருந்த காலத்தில் வாசலோடு திரும்பியவன், இப்போது அறை அறையாக நடந்து பார்த்தான்.

"மதினி, இம்புட்டுப் பெரிய வீடா இது! நான் பொறந்த வீடு எனக்கே மறந்து போச்சு."

அந்த மார்கழி முழுக்க இருளாயி வெறுந்தரையில் படுத்தாள். குளிர் முதுகில் ஏறியது. பாய் போடத் தோன்றவில்லை. வக்கீல் வீட்டு வேலை முடிந்ததும் கூடத்தில் நிற்காமல் நேரே வீட்டுக்கு வந்தாள். பச்சை உடம்புக்காரி என்று அப்பன் சாவுக்கும் வர முடியாமல் போன செவந்திக்கு ஆள் மூலம் சொல்லிவிட்டாள்: வீடு சுத்தமாயிருச்சு, பிள்ளையைத் தூக்கிக்கிட்டு வா. வருவதாகத்தான் பதில் வந்தது.

கடலை அறுவடைக் காலத்தில் ஒரு லாரி வந்து நின்றது. ரத்தினவேலின் ஆட்கள் மூட்டை மூட்டையாக முன்னறையில் இறக்கினார்கள். இருளாயி ஈரத்துணியும் கையுமாக ஓடி வந்தாள்.

"தம்பி, இது ஆளு இருக்கிற வீடு."

"யாரு இல்லன்னா? நீங்க பாட்டுக்கு இருங்க மதினி. எங்கப்பன் கட்டுன வீடு, பாதி எனக்கு உள்ளதுதானே? பாதின்னுகூட நான் கேக்கல. சும்மா கெடக்கிற எடத்துலதான வைக்கிறேன்."

"சும்மா கெடக்கல தம்பி. நான் கூட்டி வச்சிருக்கேன்."

அவன் புரியாமல் அவளைப் பார்த்துவிட்டு, "ஓரமாப் பாத்து அடுக்குங்கடா" என்று ஆட்களுக்குச் சொன்னான்.

சின்னப்பிள்ளைக்குப் பொறுக்கவில்லை. "ஒம் புருசன் இருந்திருந்தா இவன் இப்படிக் கொண்டாந்து வைப்பானாடி?"

"அவரு இருந்தா வைக்க எடமேது" என்றாள் இருளாயி.

ஊர்ப் பெரியவர்களிடம் போனாள். பாகம் பிரிக்காத சொத்து, தம்பி பங்குதாரன்தானே, ஆண் வாரிசு இல்லாத வீட்டில் இவ்வளவாவது விட்டிருக்கிறானே என்றார்கள். வக்கீல் வீட்டம்மா புருஷனிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னாள். பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஒரு வருஷத்தில் நடுவறையும் நிரம்பியது. மூட்டை நகர்த்தும்போதெல்லாம் தொலியும் மண்ணும் தூசியும் அடுப்படி வரை வந்தன. அவள் கூட்டினாள். மறுநாள் அதே தூசி. கடலைக்கு எலி வந்தது, எலிக்குப் பாம்பு வந்தது. ஏற்றி இறக்குகிறவர்கள் வெற்றிலை எச்சிலைச் சுவரோரம் துப்பினார்கள். அதையும் கழுவினாள்.

எந்த நாளில் நிறுத்தினாள் என்று அவளுக்கே தெரியாது. முதலில் வாசல் மட்டும் போதும் என்று விட்டாள். பிறகு வாசலையும் விட்டாள். இடுப்பில் வலி என்று சொல்லி வக்கீல் வீட்டு வேலையையும் விட்டுவிட்டாள்.

அறுபத்து ஆறு ஆடியில் செவந்தி வந்தாள், இடுப்பில் இரண்டாவது பிள்ளை. மூட்டைகளுக்கு நடுவே ஒருக்களித்துப் புகுந்து அடுப்படிக்கு வந்து நின்றாள். விளக்காத பாத்திரங்களில் எறும்பு மொய்த்தது. ஆத்தா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"என்ன ஆத்தா இது, இப்புடிப் போட்டு வச்சிருக்க?"

"கெடக்கட்டும்."

 செவந்தி பிள்ளையைத் தாயின் மடியில் விட்டுவிட்டு, சேலையைச் செருகிக்கொண்டு, துடைப்பத்தைத் தேடி எடுத்தாள். அடுப்படி முழுக்கக் கூட்டினாள், பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்தாள், தண்ணீர் விட்டுத் தரையைத் துடைத்தாள். கைவேகம் அப்படியே இருளாயியின் கைவேகம். இருளாயி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆத்தா, எங்கூட வந்துருன்னு சொல்ல ஆசைதான். அங்க மூத்தா புள்ளைக மூணு, எம்புள்ளைக ரெண்டு, மாமியா..."

"தெரியும்டி."

சாயங்கால பஸ்ஸுக்குச் செவந்தி கிளம்பினாள். இருளாயி வாசல் வரை வந்து வழியனுப்பிவிட்டு உள்ளே திரும்பினாள். துடைத்த தரை இன்னும் காயவில்லை. மிதிக்காமல் ஓரமாக நின்றாள். வெளியே லாரி வந்து நிற்கிற சத்தம் கேட்டது. இரண்டு அறையிலும் இடம் போதவில்லை, அடுப்படியில் நாலு மூட்டை வைத்துக்கொள்ளட்டுமா என்று ஓர் ஆள் வாசலிலிருந்து குரல் கொடுத்தான்.

"வைங்க" என்றாள்.